சிறுவர் அருங்காட்சியகத்தில் விளையாட்டுச் சந்தை அமைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

குழந்தைகள் கடைக்காரராகவும் மருத்துவராகவும் தபால்காரராகவும் நடித்து விளையாடும் காட்சிகளை அமைக்க முன்வருவோர் பெரும்பாலும் தச்சரை அழைத்துக் கடையின் முகப்பைக் கட்டுவதிலிருந்தே தொடங்குகிறார்கள். வண்ணம் பூசி, பெயர்ப்பலகை மாட்டி, பிளாஸ்டிக் காய்கறிகளை நிரப்பித் திறந்த பிறகு, குழந்தைகள் கூடையைத் தரையில் கவிழ்த்துவிட்டு அடுத்த அறைக்கு ஓடுவதையும் பெற்றோர் ஓரமாக நின்று கைப்பேசியைப் பார்ப்பதையும் காண நேர்கிறது. அந்தக் கடையில் குழந்தைக்கு ஒரு வேலை இல்லை. வேலை முடிந்ததா என்று காட்டும் அடையாளம் இல்லை. அந்த வேலைக்காகக் காத்திருக்கும் இன்னோர் ஆளும் இல்லை. இந்த மூன்றையும் முதலில் முடிவு செய்து, மரவேலையைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால் பாதிச் சிக்கல்கள் எழுவதே இல்லை.

இந்த வழிகாட்டியில் உழவர் சந்தையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். சூப்பர் மார்க்கெட் மாதிரியில் குழந்தை அலமாரியிலிருந்து எடுத்து வண்டியில் போட்டுவிட்டு, யாரோடும் பேசாமலே வெளியேறிவிட முடியும். சந்தையில் கேட்காமல் காய் கிடைக்காது. மருத்துவமனை, அஞ்சலகம், பேருந்து நிலையம் என்று எதை அமைத்தாலும் படிகளின் வரிசை இதுவேதான்.

1. தொடங்கும் முன் எழுதி வைக்க வேண்டியவை

வயது, இடம், ஒரே நேரத்தில் உள்ளே இருக்கப்போகும் ஆட்கள், பணியாளர் ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கையொப்பமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் ஒவ்வொரு அளவும் இந்தத் தாளிலிருந்துதான் பிறக்கும். எழுதாமல் விட்டால், கூட்டத்துக்குக் கூட்டம் வயது வரம்பு மாறிக்கொண்டே இருக்கும்.

இந்த எடுத்துக்காட்டில் வயது 3 முதல் 8 வரை. இடம் 6 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 30 சதுர மீட்டர். பெரியவர்களையும் சேர்த்து ஓர் ஆளுக்கு 2 சதுர மீட்டர் என்பது என் கணக்கு. அதன்படி ஒரே நேரத்தில் 15 பேர். பள்ளியிலிருந்து 40 பிள்ளைகள் கொண்ட வகுப்பு வந்தால் நான்கு குழுக்களாகப் பிரித்துத்தான் உள்ளே விட வேண்டும். எனவே மற்ற மூன்று குழுக்களும் அந்நேரம் எங்கே இருக்கும் என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும்.

பணியாளரைப் பற்றிப் பலரும் திறப்பு விழாவுக்கு முந்தைய நாள்தான் யோசிக்கிறார்கள். எவ்வளவு நன்றாக அமைத்தாலும், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை பொருள்களை இடத்தில் வைக்க ஒருவர் வேண்டும். அவருக்குச் சம்பளம் ஒதுக்க முடியாத நிலை இருந்தால் பொருள்களின் எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துத் திட்டமிடுங்கள்.

2. அசல் இடத்துக்குச் சென்று கைகளைக் கவனித்தல்

வடிவமைப்பாளரும் தச்சரும் பின்னாளில் பணியாளராக இருக்கப்போகிறவரும் சேர்ந்து, விடியற்காலையில் ஒரு உழவர் சந்தைக்குச் செல்ல வேண்டும். நிழற்படம் எடுப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை, அங்குள்ளவர்களின் கைகள் என்னென்ன செய்கின்றன என்று வினைச்சொற்களாகக் குறித்துக்கொள்வது. நிழற்படம் கூரையையும் நிறத்தையும் காட்டும். குழந்தை திருப்பிச் செய்யப்போவது கைகளின் செயல்களை.

அப்படிக் குறிக்கும்போது, மேசையில் உட்கார்ந்து யோசித்தால் தோன்றாத செயல்கள் கிடைக்கும். கீரைக்கட்டின் மேல் தண்ணீர் தெளித்தல். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்தல். தக்காளியைப் புரட்டி அடிப்பக்கம் அழுகல் இருக்கிறதா என்று தேடுதல். பையின் வாயை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தல். எடை போட்டு முடித்த பிறகு ஒரு கொத்துக் கறிவேப்பிலையையும் நான்கு பச்சை மிளகாயையும் கொசுறாகப் போடுதல்.

கடைசியாகச் சொன்ன கொசுறு இந்தக் காட்சிக்குக் கிடைத்த பெரும் கொடை. விலைக்கு மேல் தானாக ஒன்றைக் கொடுப்பது நான்கு வயதுக் குழந்தைக்கும் உடனே புரிகிறது. கொடுத்தவுடன் வாங்குபவர் முகம் மலர்வதும் தெரிகிறது. விற்பவரின் இடத்தில் கறிவேப்பிலைக்கென்று ஒரு சிறு கூடையை ஒதுக்கி வைத்தால், சொல்லித்தராமலே குழந்தைகள் அதைக் கையாளத் தொடங்குகிறார்கள்.

உழவர் சந்தைக்கு உரிய இன்னொரு செயல், அன்றைய விலையைப் பொதுப் பலகையில் எழுதுவது. விலை அன்றன்று தீர்மானிக்கப்பட்டு எல்லோருக்கும் தெரியும்படி வைக்கப்படுவதால், விற்பவர், வாங்குபவர் தவிர மூன்றாவதாக ஒருவருக்கும் வேலை கிடைக்கிறது. விற்கும் உழவருக்குப் படத்தோடு கூடிய அடையாள அட்டை உண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அது நான்காம் படியில் பயன்படும்.

3. ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தேவைப்படும்படி கோத்தல்

குறித்துவந்த வினைச்சொற்களை ஒவ்வொரு சீட்டில் எழுதித் தரையில் பரப்பி, எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்க முடியும் என்று வரிசைப்படுத்துங்கள். வழிகாட்டியின் மையமே இந்தப் படிதான். இதற்கு ஒரு நாள் முழுவதும் செலவழித்தாலும் வீண் அல்ல.

நான் பரிந்துரைப்பது ஒரு வட்டம். தோட்டப் பாத்தியில் காயைப் பறிப்பவர் ஒருவர். தள்ளுவண்டியில் ஏற்றிச் சந்தைக்குக் கொண்டுவருபவர் ஒருவர். விலைப்பலகையை மாற்றுபவர் ஒருவர். எடை போட்டு விற்பவர் ஒருவர். பையோடு வந்து வாங்குபவர் ஒருவர். வாங்கியதை வீட்டு அடுப்படியில் சமைப்பவர் ஒருவர். அடுப்படிக்குப் பின்னால் ஒரு சரிவுப் பெட்டி இருக்கும். சமைத்து முடித்த காய்களை அதில் போட்டால் அவை தோட்டத்துப் பக்கமாக உருண்டுவரும். அங்கே இருப்பவர் அவற்றை மறுபடியும் பாத்தியில் நடுவார். பொருள்களைத் திரும்ப அடுக்கும் வேலையே விளையாட்டின் ஒரு பகுதியாகிவிடுவதால் பணியாளரின் சுமை பெருமளவு குறைகிறது.

வட்டத்தைச் சோதிக்க இரண்டு கேள்விகள் போதும். ஒரே ஒரு குழந்தை உள்ளே வந்தால் அதற்கு வேலை இருக்கிறதா? பாத்தியும் அடுப்படியும் தனியாளுக்கும் இடம் கொடுக்கின்றன. பத்துப் பேர் வந்தால் யாராவது வெறுமனே நிற்க வேண்டியிருக்கிறதா? அப்படி இருந்தால் புதிய வேலை சேர்க்காமல், இருக்கும் வேலையில் இன்னோர் இடத்தை உண்டாக்குங்கள். இரண்டு தராசு, மூன்று வண்டி என்று இருப்பதே நல்லது.

மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் ஒருவர் பக்கத்தில் ஒருவர் தனித்தனியாக விளையாடுவார்கள்; பேசிக்கொண்டு பங்கு பிரித்து விளையாடுவது நான்கு, ஐந்து வயதில் வலுப்பெறுகிறது. எனவே சிறியவர்களுக்கு உகந்த பறித்தல், தள்ளுதல், கொட்டுதல் ஆகிய வேலைகள் நுழைவாயிலுக்கு அருகிலும், பேச்சு தேவைப்படும் விற்பனை உட்பகுதியிலும் அமையட்டும். மாற்றி வைத்தால், சிறியவர்கள் தராசை மறித்துக்கொண்டு நிற்க, பெரியவர்கள் பொறுமை இழப்பார்கள்.

4. உடையைவிடப் பொருளை நம்புதல்

முழு உடை வாங்கிக் குவிப்பது புதியவர்கள் தவறாமல் செய்யும் செலவு. போடுவதற்கும் கழற்றுவதற்கும் பெற்றோர் உதவி வேண்டும், அளவு பொருந்தாது, தினமும் துவைக்க வேண்டும், தலையில் அணிபவை பேன் பரவ வழி செய்யும். வேட்டி, சேலை என்று வைத்தால் எந்த வேலை ஆணுக்கு, எந்த வேலை பெண்ணுக்கு என்று உடையே தீர்ப்புச் சொல்லிவிடும்.

அதற்குப் பதிலாக ஒவ்வொரு வேலைக்கும் கையில் எடுத்த கணமே அதற்குரியவர் ஆகிவிடும்படியான ஒரு பொருளைத் தேர்ந்தெடுங்கள். விற்பவருக்கு அடையாள அட்டையும் தோளில் ஒரு துண்டும்; வாங்குபவருக்குத் துணிப்பை; சமைப்பவருக்குக் கரண்டி. அடையாள அட்டையைக் கழுத்தில் நாடா போட்டு மாட்டக் கூடாது, ஏனெனில் ஓடும்போது எங்காவது சிக்கினால் கழுத்தை இறுக்கும். சட்டையில் குத்தாமல் பிடித்துக்கொள்ளும் அகலமான கவ்வி போதும். துண்டும் இரண்டு அடி நீளத்துக்கு மேல் வேண்டாம்.

5. அட்டைப்பெட்டியில் முழு அளவு மாதிரி

ஒரு பலகை அறுக்கும் முன்பாக, அட்டைப்பெட்டி, பழைய மேசை, செங்கல், கோணி ஆகியவற்றைக் கொண்டு முழு அளவில் ஒரு மாதிரி அமைத்து, ஒரு வாரம் குழந்தைகளை விளையாட விட வேண்டும். காய்கறிகளுக்குக் காலுறைக்குள் துணி திணித்தால் போதும். குழந்தைகளுக்கு அட்டைப்பெட்டி ஒரு குறையாகவே தெரியாது. குறை தெரிந்தால் அது பெரும்பாலும் வட்டத்தின் குறையாக இருக்கும். அதைத் திருத்தச் செலவில்லாத காலம் இந்த ஒரு வாரம்தான்.

கவனிப்பவர் பேசாமல் ஓரமாக உட்கார்ந்து சிலவற்றை மட்டும் குறிக்க வேண்டும். குழந்தை உள்ளே வந்ததும் கை முதலில் எதைத் தொட்டது? எந்த இடத்தில் பெற்றோர் குறுக்கிட்டு விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது? ஒரு காய் ஒரு கையிலிருந்து இன்னொருவர் கைக்கு எத்தனை முறை மாறியது? கடைசிக் கேள்விக்கான விடையே இந்தக் காட்சியின் நாடித்துடிப்பு. கைமாற்றம் குறைவாக இருந்தால் வேலைகள் ஒன்றோடொன்று சேரவில்லை என்று பொருள்; மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

“பிடிச்சிருந்துச்சா?” என்று குழந்தையைக் கேட்பதில் பயன் இல்லை. எல்லாக் குழந்தைகளும் ஆமாம் என்றே தலையாட்டும். “உனக்கு அங்க என்ன வேலை?” என்று கேளுங்கள். “நான் தக்காளி வித்தேன், ஒரு அக்கா ரெண்டு வாங்குனாங்க” என்று பதில் வந்தால் பாதை சரி. “கடை இருந்துச்சு” என்று மட்டும் வந்தால் இன்னும் அட்டைப்பெட்டிக் காலம் முடியவில்லை.

6. அளவுகள்

நான்கு வயதுக் குழந்தையின் உயரம் ஏறத்தாழ 100 செ.மீ.; ஏழு வயதில் ஏறத்தாழ 120 செ.மீ. நின்றுகொண்டு செய்யும் வேலைக்கு மேசையின் உயரம் முழங்கைக்குச் சற்றுக் கீழே இருக்க வேண்டும். குழந்தையின் உயரத்தில் பாதிக்குச் சற்று மேல் என்று கணக்கிட்டால் சரியாக வரும். அதன்படி ஒரு மேசை 55 செ.மீ. உயரத்திலும் இன்னொன்று 72 செ.மீ. உயரத்திலும் இருக்கட்டும். உயரமான மேசையின் கீழே கால் நீட்ட வெற்றிடம் விட்டால், சக்கர நாற்காலியில் வரும் குழந்தையும் அதே மேசையில் விற்க முடியும். தனி மேசை தேவையில்லை.

நடைவழி 120 செ.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது. சக்கர நாற்காலி திரும்பும் இடத்தில் 150 செ.மீ. வட்டம் வேண்டும். தள்ளுவண்டிகள் எதிரெதிரே வந்து முட்டிக்கொள்வதைத் தவிர்க்கவும் இந்த அகலம் உதவும். விலைப்பலகையின் அடிப்பகுதி 70 செ.மீ. உயரத்திலும் மேற்பகுதி 110 செ.மீ. உயரத்திலும் இருந்தால் மூன்று வயதுக் குழந்தையாலும் எட்டித் தொட முடியும்.

அளவு சொல்லும்போது தச்சர்கள் பெரும்பாலும் தம் இடுப்பளவை மனத்தில் வைத்துச் செய்துவிடுகிறார்கள். அட்டைப்பெட்டி மாதிரியை இடிக்கும் முன் அதையே அவரிடம் காட்டுங்கள். வரைபடத்தைவிட அது தெளிவாகப் பேசும். தாத்தா பாட்டிகள் உட்கார 45 செ.மீ. உயரத்தில் ஒரு திண்ணையையும் மறக்க வேண்டாம். அது சந்தைக்கு வெளியே இல்லாமல் உள்ளேயே, அடுப்படிக்கு எதிரே இருக்கட்டும். அங்கே உட்கார்ந்திருப்பவரிடம்தான் குழந்தை சமைத்ததைக் கொண்டுவந்து கொடுக்கும்.

7. தராசு

இந்தக் காட்சியில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் தராசுக்குத்தான் தேவை. மின்னணுத் தராசு இன்று எல்லாச் சந்தைகளிலும் உண்டு என்றாலும், அதில் ஒளிரும் எண்களை நான்கு வயதுக் குழந்தையால் படிக்க முடியாது. மின்கலம் தீர்ந்தால் அது வெறும் பெட்டி. இருதட்டுத் தராசில் ஒரு தட்டு தாழ்வதும் மற்றது எழுவதும் எழுத்தறியாத கண்ணுக்கும் புரியும். ‘இன்னும் ஒன்று போடு’, ‘ஒன்றை எடு’ என்ற உரையாடல் தானாகப் பிறக்கும். சங்கிலியில் தொங்கும் தட்டு வேண்டாம். வளையத்தில் விரலோ தலையோ சிக்கும். தண்டின் மேல் தட்டுகள் உட்காரும் மேசைத் தராசு வகையே ஏற்றது.

தராசு பேச வேண்டுமானால் காய்களுக்கு எடை இருக்க வேண்டும். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் காய்களும் பஞ்சு அடைத்த துணிக் காய்களும் காற்றைப்போல் இலேசானவை. பூசணிக்காயை வைத்தாலும் தட்டு அசையாது. ஒருமுறை ஏமாந்த குழந்தை தராசை மறுபடியும் தொடாது.

எனவே ஒவ்வொரு காயின் நடுவிலும் எடைக்கேற்ப ஒரு மரக்கட்டை, அதைச் சுற்றிப் பஞ்சு, மேலே கழற்றித் துவைக்கக்கூடிய பருத்தி உறை என்று செய்யச் சொல்லுங்கள். தக்காளி, கத்தரிக்காய், முருங்கைக்காய் ஆகியவை 100 கிராம். வாழைக்காய் 200 கிராம். பூசணிக் கீற்று 400 கிராம். எடைக்கட்டைகளும் அதே மூன்று எடையில், ஒன்றுக்கொன்று இருமடங்கு பெரிதாகத் தெரியும்படி இருக்கட்டும். நடுத்தரக் கட்டைக்கு இரண்டு தக்காளி என்பதைக் குழந்தை தன் கையாலேயே கண்டுபிடிக்கும். கூட்டலும் இருமடங்கும் அந்த இடத்தில் பாடமாக இல்லாமல் வியாபாரமாக நடக்கின்றன. மணலையும் புளியங்கொட்டையையும் உள்ளே அடைக்க வேண்டாம்; தையல் பிரிந்தால் கொட்டும், வாய்க்குப் போகும், பூச்சியும் பிடிக்கும்.

தைத்து வந்த காய்களை ஒவ்வொன்றாகச் சமையலறைத் தராசில் நிறுத்து, 5 கிராமுக்கு மேல் வேறுபடுவதைத் திருப்பி அனுப்புங்கள். தராசின் கூர்மையையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும்: 5 கிராம் வேறுபாட்டில் சமமாகவே நிற்க வேண்டும், 50 கிராம் வேறுபாட்டில் தெளிவாகச் சாய வேண்டும். மிகக் கூர்மையான தராசு ஆடிக்கொண்டே இருக்கும். மந்தமான தராசு எதை வைத்தாலும் அசையாது. தண்டு திரும்பும் அச்சை முழுவதுமாக மூடி, தட்டு தாழ்ந்து நிற்கும்போதும் மேசைக்கும் தட்டுக்கும் இடையே 25 மி.மீ.க்கு அதிகமாக இடைவெளி இருக்கும்படி தடுப்பு வையுங்கள். 8 முதல் 25 மி.மீ. வரையிலான சந்துகள்தான் சிறு விரல்களைப் பிடித்துக்கொள்பவை.

8. பணமும் விலைப்பலகையும்

ரூபாய் நோட்டைப் போலவே தாள் அச்சிடுவது சட்டப்படி குற்றம். அப்படியே அச்சிட்டாலும் அது அன்றே கிழிந்துவிடும். 50 மி.மீ. விட்டமுள்ள மரவில்லைகளே போதும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளைச் சோதிக்கப் பயன்படும் உருளையின் விட்டம் 31.7 மி.மீ.; அதனுள் அடங்கும் எதுவும் தொண்டையில் அடைக்கக்கூடும். உங்கள் காட்சி மூன்று வயதிலிருந்துதான் என்றாலும், அண்ணனோடு வரும் தம்பிக்கு ஒன்றரை வயது இருக்கலாம்.

வில்லைகள் எல்லாம் ஒரே மதிப்பாக இருந்தால் சிறியவர்கள் எண்ணிக் கொடுக்க முடியும். ஐந்து மதிப்புள்ள வேறு நிற வில்லையைச் சிறிதளவு சேர்த்தால், ஏழு எட்டு வயதினர் மீதிச் சில்லறை கணக்கிடத் தொடங்குவார்கள். எந்தக் காயின் விலையும் பத்து வில்லையைத் தாண்ட வேண்டாம்.

விலைப்பலகைக்குக் காந்த எண்கள் வேண்டவே வேண்டாம். இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒட்டிக்கொண்டு உயிருக்கே ஆபத்தாகும். காயின் படத்துக்கு எதிரே ஒரு பள்ளமும், அதில் நழுவி நிற்கும் உள்ளங்கை அளவு எண்பலகைகளும் போதும். எழுதும் வேலையைவிட மாற்றும் வேலை எளிது. கொம்பு, சுழி பழகாத குழந்தையாலும் தக்காளி விலையை ஏற்றி, சந்தை முழுவதையும் கலங்க வைக்க முடியும். அந்த அதிகாரம் குழந்தைகளுக்குத் தரும் மகிழ்ச்சியைப் பார்ப்பதற்காகவே இந்தப் பலகையை எல்லோரும் காணும் இடத்தில் வையுங்கள்.

9. பொருள்களும் பாதுகாப்பும்

மேசைகளுக்குத் தண்ணீர் தாங்கும் தரமான 19 மி.மீ. ஒட்டுப்பலகை ஏற்றது. துடைக்கும் ஈரத்தில் அழுத்தப்பலகை ஊதிவிடும். விளிம்புகளை எல்லாம் உருட்டித் தேய்க்க வேண்டும். குழந்தையின் கண் மட்டத்தில் இருக்கும் மூலைகளை இன்னும் அதிகமாக. வண்ணப்பூச்சில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்திய விதி. டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படித்து, நிழற்படம் எடுத்துக் கோப்பில் வையுங்கள்.

வெளியிலிருந்து வாங்கும் பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 சனவரி முதல் இது கட்டாயம். அம்பாசமுத்திரத்து மரச் சொப்புகள் வீட்டு விளையாட்டுக்கு மிக இனியவை. ஆனால் அவற்றின் சிற்றளவு பொதுக்கூடத்தில் தொண்டைக்கும் ஆபத்து, தொலையவும் எளிது. அடுப்படிக்குப் பெரிய அளவில் தனியாகச் செய்யச் சொல்லுங்கள்.

கம்பித் தடுப்புகளிலும் அலமாரிகளிலும் 89 மி.மீ. முதல் 230 மி.மீ. வரையிலான திறப்பு ஒன்றுகூட இருக்கக் கூடாது. உடல் நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும் அளவு அது. அலமாரிகளைச் சுவரோடு திருகி இறுக்குங்கள். குழந்தைகள் அவற்றில் ஏறுவார்கள் என்று வைத்துக்கொண்டே கட்ட வேண்டும். தள்ளுவண்டியின் சக்கரம் எளிதாக உருளக் கூடாது. சற்றே கனமாக நகரும் வண்டி ஓட்டப்பந்தயத்துக்குப் பயன்படாது, சுமப்பதற்குப் பயன்படும்.

சந்தை இரைச்சலைப் பதிவு செய்து ஒலிபெருக்கியில் ஓடவிட வேண்டும் என்று யாராவது கட்டாயம் யோசனை சொல்வார்கள். ஏற்க வேண்டாம். பேச்சை வளர்ப்பதற்காக அமைத்த இடத்தில் பேச்சு கேட்காமல் போகும். ஓசையைத் தாங்க முடியாத குழந்தைகள் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள். இரைச்சலைக் குழந்தைகளே உண்டாக்குவார்கள். பார்வையற்ற குழந்தைக்கு ஒலியைவிடத் தொடுகை வழிகாட்டும்: வெண்டைக்காயின் உறைக்கு வரித்துணி, கத்தரிக்காய்க்கு வழுவழுப்பான துணி, முருங்கைக்காய்க்கு முடிச்சுகள் என்று ஒவ்வொன்றையும் தொட்டே பிரித்தறியும்படி தைக்கச் செய்யுங்கள்.

10. பெரியவர்களுக்கான வாசகம்

உழவர் சந்தைத் திட்டம் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கப்பட்டது என்ற செய்தியை வெளிச்சுவரில் எழுதுங்கள். உள்ளே அதற்கு வேலை இல்லை. உள்ளே எழுதப்படும் ஒவ்வொரு வரியும் பெற்றோரை வாங்குபவராக மாற்ற வேண்டும்; குழந்தையை நோக்கி எழுதினால், பெற்றோர் அதை உரக்கப் படித்துக் கட்டளையாக்கிவிடுகிறார்கள்.

தராசுக்கு எதிரே, பெரியவரின் கண் மட்டத்தில், “நீங்கள் காய் வாங்க வந்திருக்கிறீர்கள். கத்தரிக்காய் பிஞ்சாக இருக்கிறதா என்று கேளுங்கள்” என்று இரண்டு வரி. அடுப்படித் திண்ணைக்கு மேலே, “பசிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள்” என்று ஒரு வரி. இவ்வளவுதான். குழந்தைக்கு வழிகாட்டுபவை படங்களாகவே இருக்கட்டும்: கூடையின் அடியில் தக்காளிப் படம், பாத்தியில் முருங்கைக்காயின் நிழலுரு.

11. எண்ணிக்கையும் திரும்ப அடுக்குதலும்

காய்கள் மிகுந்தால் வியாபாரம் செத்துவிடும். கூடை நிறையக் கிடப்பதை யாரும் எண்ணுவதோ கேட்பதோ இல்லை; அள்ளிக் கொட்டுவதே விளையாட்டாகிவிடும். குறைந்தால் சண்டை வரும். 15 பேருக்கு எட்டு வகை, வகைக்குப் பத்து என்று தொடங்கி, முதல் வாரத்தில் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். ஆனால் தள்ளுவண்டி, தராசு, கரண்டி போன்ற ஆசைப்படும் பொருள்களில் எதுவும் ஒன்றே ஒன்றாக இருக்கக் கூடாது.

எல்லாவற்றையும் மொத்தமாக மூன்று தொகுதிகளாகச் செய்யச் சொல்லுங்கள்: ஒன்று தரையில், ஒன்று துவைப்பில், ஒன்று அலமாரியில். நிதி குறைவாக இருந்தால் மேசையின் வேலைப்பாட்டைக் குறைத்துத் தொகுதியைக் காப்பாற்றுங்கள். ஒருவர் தனியாளாக ஐந்து நிமிடத்துக்குள் அடுக்கி முடிக்க முடிகிறதா என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். முடியாவிட்டால் வகைகளைக் குறைக்க வேண்டும்.

12. பணியாளரைப் பழக்குதல்

“பாப்பா, இங்க வா, இதை எடுத்து அதுல வை” என்று அழைத்த உடனே விற்பவர் மறைந்து, சொன்னதைச் செய்யும் பிள்ளை மட்டும் மிஞ்சுகிறது. “அண்ணாச்சி, தக்காளி என்ன விலை?” என்று ஐந்து வயதுப் பையனைக் கேட்டுப் பாருங்கள். அவன் நிமிர்ந்து விலைப்பலகையைத் திரும்பிப் பார்ப்பான். அந்தப் பார்வையில்தான் விளையாட்டு தொடங்குகிறது. “அக்கா, ரெண்டு கட்டுக் கீரை குடுங்க” என்று வாங்க வரும் பணியாளருக்கு முன்னால் கூச்சமுள்ள பெண் குழந்தையும் கொசுறு எடுத்துப் போடும். பணியாளருக்கு முதலில் கற்றுத்தர வேண்டியது இந்த விளிமுறை. எப்போது விலகிச் செல்வது என்பது அடுத்து. இரண்டு குழந்தைகள் தமக்குள் பேசத் தொடங்கிவிட்டால் அவர் அடுப்படிப் பக்கம் போய்விட வேண்டும்.

சண்டை வரும்போது பொருளைப் பறித்து நீதி வழங்குவதைவிட, இன்னொரு வேலையோடு வருவது பலன் தரும். “தோட்டத்துல காய் பழுத்துப் போச்சு, வண்டி எடுத்துட்டு யார் வர்றீங்க?” என்ற ஒரு குரலுக்குப் பாதிச் சண்டைகள் கலைந்துவிடுகின்றன.

13. திறந்த பிறகு முதல் மாதமும் பருவ மாற்றமும்

ஒவ்வொரு மாலையும் பணியாளர் ஒரு பேரேட்டில் மூன்று செய்திகள் எழுத வேண்டும்: எது உடைந்தது, எது தொலைந்தது, எந்த இடத்தில் குழந்தைகள் தேங்கி நின்றார்கள். ஒரே பொருள் மூன்று முறை உடைந்தால் பழுது பார்ப்பதை நிறுத்திவிட்டு அதன் வடிவத்தை மாற்றுங்கள். தொலைபவை அநேகமாகச் சரிவுப் பெட்டியின் பின்னால் கிடக்கும். அதன் பின்பலகையைப் பணியாளர் திறக்கும்படி கீல் போட்டு வைத்திருந்தால் தேடும் நேரம் மிச்சமாகும்.

உறைகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வையுங்கள். மரவில்லைகளையும் தட்டுகளையும் அன்றன்று துடைத்தால் போதும். தராசின் அச்சில் பஞ்சு சேர்வதை மாதம் ஒருமுறை பார்த்து, எடைக்கட்டைகளையும் மறுபடியும் நிறுத்துச் சரிபாருங்கள்.

முதல் ஆண்டு முடிவதற்குள் பருவத்துக்கேற்ற தொகுதிகளைச் சேர்க்கத் தொடங்கலாம். சித்திரையில் மாங்காயும் நுங்கும், தையில் கரும்பும் மஞ்சள் கொத்தும் வந்தால், முன்பு வந்துபோன குழந்தைகளுக்கும் விலைப்பலகையில் புதிய படம் காத்திருக்கும். ஒரு வகையைச் சேர்க்கும்போது இன்னொன்றை எடுத்துவிடுங்கள். எட்டு வகை என்ற எல்லை மாற வேண்டாம். கரும்பை மட்டும் 30 செ.மீ. துண்டுகளாகவே செய்யச் சொல்லுங்கள். முழு நீளத்தில் கொடுத்தால் அது சிலம்பக் கம்பாகிவிடும்.